குழந்தை சொன்னால் கேளுங்கள்

குகட்பள்ளி, ஹைதராபாத் நகரத்தின் ஒரு பகுதி. பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அப்பா வேலைக்குப் போகிறார். அம்மாவும் வேலைக்குப் போகிறார். பாட்டியும் தாத்தாவும் சொந்த ஊரில் இருக்கிறார்கள்.

குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? பக்கத்து வீட்டில் விடுகிறோம். ஆட்டோவில் பள்ளிக்கு அனுப்புகிறோம். சென்னையிலும் திருப்பூரிலும் இதே நிலைமைதான்.

அடுத்தவர் உதவி இல்லாமல் வாழ முடியாது. எல்லாரையும் சந்தேகப்படவும் முடியாது. அப்படியானால் என்ன செய்யலாம்? குழந்தைக்குத் தன் உடம்பைப் பற்றிச் சொல்லித் தரலாம். அடுப்பு சுடும் என்று சொல்லித் தருகிறோம். சாலையில் பார்த்துப் போ என்கிறோம். இதுவும் அது போன்ற பாடம்தான்.

ஆபத்து யாரால் வருகிறது?

முன்பின் தெரியாதவரால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். அது முழு உண்மை அல்ல.

2007ஆம் ஆண்டு மத்திய அரசு ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்தார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள், தங்களிடம் யாரோ பாலியல் முறையில் தவறாக நடந்ததாகச் சொன்னார்கள். தவறு செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்படிச் சொன்னவர்களில் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகள் சற்று அதிகம். எனவே மகளுக்கு மட்டும் அல்ல, மகனுக்கும் சொல்லித் தர வேண்டும்.

எப்படிச் சொல்லித் தருவது?

மூன்று வயதிலேயே தொடங்கலாம். பயமுறுத்த வேண்டாம். குளிப்பாட்டும்போது சாதாரணமாகப் பேசுங்கள்.

"கண்ணு, இது என்ன?"

"கை."

"இது?"

"வயிறு."

"ஜட்டி மூடுற இடத்தை யாரு தொடலாம்?"

"அம்மா குளிப்பாட்டும்போது தொடலாம்."

"டாக்டர்?"

"நீ பக்கத்துல இருந்தா தொடலாம்."

"வேற யாராவது தொட்டா?"

"வேண்டாம்னு கத்துவேன். ஓடி வந்து உங்கிட்ட சொல்லுவேன்."

"அப்பாகிட்டயும் சொல்லலாம். டீச்சர்கிட்டயும் சொல்லலாம். கேக்குற வரைக்கும் சொல்லணும். உன்னை யாரும் திட்ட மாட்டோம்."

இவ்வளவுதான் பாடம். அடிக்கடி சொல்ல வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் பெயர் இருக்கிறது. மறைவான உறுப்புகளுக்கும் ஒரு பெயர் சொல்லிக்கொடுங்கள். பெயர் தெரிந்தால்தான் நடந்ததைக் குழந்தையால் சொல்ல முடியும். வாயில் முத்தமிடுவதும், அவர்களுடைய உடம்பைத் தொடச் சொல்வதும், அசிங்கமான படம் காட்டுவதும் தவறு என்று சொல்லுங்கள்.

"அம்மாவிடம் சொல்லாதே, மிட்டாய் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அதை உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும். இதையும் சொல்லி வையுங்கள்.

"பெரியவர் சொன்னால் கேட்கணும்"

இப்படித்தான் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். மரியாதை நல்லதுதான். ஆனால் எல்லாப் பெரியவர் சொல்வதையும் கேட்கப் பழகிய குழந்தை, தவறு செய்பவர் சொல்வதையும் கேட்கும்.

வீட்டுக்கு வந்த மாமா முத்தம் கேட்கிறார். குழந்தை நெளிகிறது. "கொடு, மாமாதானே" என்று தள்ளிவிடுகிறோம். அப்போது குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது? தனக்குப் பிடிக்காவிட்டாலும் மறுக்கக் கூடாது என்று கற்றுக்கொள்கிறது. வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். அந்த மரியாதை போதும்.

குழந்தை சொன்னால்

முதலில் நம்புங்கள். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்காதீர்கள். அடிக்காதீர்கள். "என்னிடம் சொன்னது நல்லது. உன் மேல் தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுத் துளைக்காதீர்கள். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள்.

சில குழந்தைகள் வாயால் சொல்லாது. திடீரென்று படுக்கையில் சிறுநீர் போகும். ஒருவரைப் பார்த்தால் பயப்படும். பள்ளிக்குப் போக மறுக்கும். வேறு காரணமும் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள்.

2022 அக்டோபரில் ஹைதராபாத்தில் ஒரு வழக்கு வந்தது. நான்கு வயதுக் குழந்தை. பள்ளி முதல்வரின் கார் ஓட்டுநர் அதனிடம் தவறாக நடந்துகொண்டார். பெற்றோர் மூடி மறைக்கவில்லை. போலீஸில் புகார் கொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் அந்த ஓட்டுநருக்கு நீதிமன்றம் 20 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது.

குழந்தையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அவற்றை வெளியிடக் கூடாது என்பது சட்டம். "ஊருக்குத் தெரிந்துவிடுமே" என்று பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தச் சட்டத்தின் பெயர் போக்சோ. 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்குக் குறைந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பாதுகாப்பு.

குழந்தையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை. வாக்குமூலம் வாங்க போலீஸ் வீட்டுக்கே வரலாம். அப்போது சீருடை அணியக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். நீதிமன்றத்தில் குழந்தையைக் குற்றவாளிக்கு எதிரே நிறுத்தக் கூடாது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதும் குற்றம்.

ஹைதராபாத் போலீஸ் 2016இல் ஒரு மையம் தொடங்கியது. அதன் பெயர் பரோசா. பரோசா என்றால் நம்பிக்கை. போலீஸ் உதவி, மருத்துவ உதவி, சட்ட உதவி, மன ஆறுதல் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். 2018இல் அதே கட்டடத்தில் குழந்தைகளுக்கான நீதிமன்றமும் திறக்கப்பட்டது.

எந்த ஊரில் இருந்தாலும் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. இரவும் பகலும் எடுப்பார்கள். குழந்தையே கூடப் பேசலாம்.

தவறு செய்தவர் சொந்தக்காரராக இருந்தால் என்ன செய்வது? அப்போதுதான் வாய் திறப்பது கஷ்டம். குடும்ப மானம் போகும் என்பார்கள். மானம் போக வேண்டியது தவறு செய்தவருக்கு. குழந்தைக்கு அல்ல. நாம் வாயை மூடிக்கொண்டால், அவர் நாளை இன்னொரு குழந்தையைத் தேடுவார்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் குழந்தை பயமில்லாமல் யாரிடம் எல்லாம் பேசும்?
2. "வேண்டாம்" என்று குழந்தை சொன்னால் உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?
3. 1098 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். குழந்தைக்கும் படித்துக் காட்டுங்கள்.