எஞ்சினை மாற்றும் முன் புறொப்பெல்லரைப் பாருங்கள்

கடற்றொழிலில் முதல் போட்டவர்களுக்கு 2022 ஓகஸ்ட் மறக்க முடியாத மாதம். ஒரே இரவில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. பின்னர் விலை இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து சிறு படகுத் தொழிலின் இலாப நட்டத்தை மீனைப் போலவே எண்ணெயும் தீர்மானிக்கிறது.

படகின் ஓட்டம் குறைந்துவிட்டால் பலருக்கு முதலில் தோன்றுவது, "கூடிய குதிரைவலு எஞ்சின் எடுக்க வேண்டும்" என்பதுதான். சம்மாட்டி கடனுக்கு அலைகிறார். மீன் வாங்கும் முதலாளி முற்பணம் கொடுக்கிறார். ஆனால் குறை எஞ்சினில் இல்லாமல், அதன் விலையில் சிறு பங்கே ஆகும் புறொப்பெல்லரில் இருந்தால்? போட்ட முதல் வீண். கடன் மட்டும் மிச்சம்.

முல்லைத்தீவுக்கு இது ஏன் முக்கியம்?

கொக்கிளாய், நாயாறு, அளம்பில், கள்ளப்பாடு என்று நீளும் இந்தக் கரை திறந்த மணற்கரை. அலையோடு வந்து மணலில் ஏறும் படகின் புறொப்பெல்லர் மணலைத் தொடாமல் இருப்பது அரிது. அலுமினிய இதழ்களின் ஓரம் தேய்கிறது, நுனி வளைகிறது. 2004 சுனாமியிலும் 2009இல் முடிந்த யுத்தத்திலும் படகையும் எஞ்சினையும் இழந்தவர்கள் இங்கே ஏராளம். பிறகு கிடைத்ததைக் கொண்டு தொழிலைத் தொடங்கினார்கள். படகு ஓரிடத்திலிருந்தும் எஞ்சின் வேறிடத்திலிருந்தும் வந்திருந்தால், இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது இன்னும் அவசியம்.

இரண்டு எண்கள்

புறொப்பெல்லரில் 10 x 11 என்பது போல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். மரத்தில் இறங்கும் திருகாணி போல, ஒரு சுற்றில் அது எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பதே பிட்ச். தண்ணீர் மரம் அல்ல என்பதால் கொஞ்சம் வழுக்கும்.

வலை, ஐஸ், ஆட்கள் என்று பாரம் ஏற்றிய படகுக்குப் பிட்ச் கூடிப்போனால், பாரம் ஏற்றிய லாண்ட்மாஸ்டரை டொப் கியரில் மேட்டில் ஏற்றுவது போலாகும். எஞ்சின் திணறும், எண்ணெய் குடிக்கும், கரி பிடிக்கும், ஆயுளும் குறையும். பிட்ச் குறைந்துபோனால் எஞ்சின் அலறும். படகு அதற்கேற்ற வேகத்தில் போகாது.

சோதிப்பது எப்படி?

வழமையான பாரத்தோடு, அமைதியான கடலில் முழு வேகத்தில் ஓடுங்கள். எஞ்சின் சுற்றும் வேகத்தை மெக்கானிக்கிடம் உள்ள ஆர்பிஎம் மீற்றரால் அளந்து கொள்ளுங்கள். பல சிறு எஞ்சின்களுக்கு இது 4,500 முதல் 5,500 வரை இருக்க வேண்டும். உங்களுடையதற்குக் கைநூலைப் பாருங்கள். அதற்குக் கீழே நின்றால் பிட்ச் குறைந்ததையும், மேலே போனால் கூடியதையும் போட வேண்டும். ஓர் அங்குலப் பிட்ச் மாற்றம் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று வரை வித்தியாசம் தரும். படகின் வேகத்தையும் கைத்தொலைபேசியின் ஜீபிஎஸ்ஸில் குறித்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள்.

சுற்று ஏறியும் வேகம் ஏறாவிட்டால் உடனே பிட்சைக் குறை சொல்ல வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் வழுக்கலாம். அல்லது எஞ்சின் உயரமாகப் பூட்டப்பட்டு, புறொப்பெல்லர் காற்றை இழுக்கலாம். புறொப்பெல்லருக்கு மேலே கிடையாக உள்ள தகடு படகின் அடிப்பாகத்துக்குச் சமமாக, அல்லது ஓர் அங்குலம் வரை கீழே இருக்க வேண்டும். மிகவும் தாழ்ந்தாலும் தண்ணீர் இழுவை கூடும். அணியம் தூக்கிக்கொண்டோ குத்திக்கொண்டோ ஓடினால் எஞ்சினின் சாய்வு ஊசியை ஒரு துளை மாற்றிப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

மாதம் ஒருமுறை புறொப்பெல்லரைக் கழற்றுங்கள். தண்டில் சுற்றியிருக்கும் தங்கூசி நூல் எண்ணெய் சீலை அறுத்துவிடும். கியர் எண்ணெய் பால் நிறமானால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். படகின் அடியில் ஒட்டியிருக்கும் பாசியும் சிப்பியும், உள்ளே தேங்கிய தண்ணீரும் எண்ணெயைத் தின்பவைதான்.

கணக்கைப் பாருங்கள்

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஒரு குதிரைவலுவுக்குச் சுமார் அரை லீற்றர் எரிக்கும். 25 குதிரைவலுவுக்கு ஏறத்தாழ 12 லீற்றர். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் 24 லீற்றர். இதில் பத்தில் ஒரு பங்கு மிச்சமானாலும் மாதம் 20 நாட்களுக்கு 48 லீற்றர். லீற்றர் 200 ரூபா என்று வைத்தாலும் 9,600 ரூபா. இது உதாரணக் கணக்குத்தான். உங்கள் கணக்கை உங்கள் கொப்பியில் எழுதிப் பாருங்கள். ஐ.நா. உணவு விவசாய அமைப்பு சிறு மீன்பிடிப் படகுகளுக்காக 2012இல் வெளியிட்ட எரிபொருள் சிக்கனக் கைநூல், வேகத்தைக் குறைத்து ஓடுவதையும் முக்கிய வழியாகச் சொல்கிறது. சந்தைக்கு அவசரமில்லாத நாளில் அதையும் செய்யலாம்.

எண்ணெய்ச் செலவைக் கழித்த பிறகே பங்கு பிரிக்கப்படுகிறது. ஆகவே வீணாக எரியும் ஒவ்வொரு லீற்றரும் சம்மாட்டியின் பையிலிருந்து மட்டுமல்ல, கடலுக்குப் போகும் தொழிலாளியின் வீட்டு உலையிலிருந்தும் போகிறது.

உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எஞ்சின் கேட்டு வருபவரிடம், "என்ன பாரம் ஏற்றுகிறீர்கள்? எத்தனை சுற்று ஓடுகிறது?" என்று முதலில் கேளுங்கள். அன்று ஓர் எஞ்சின் விற்பனை தவறலாம். ஆனால் சரியான புறொப்பெல்லரைக் கொடுத்து அனுப்பிய கடையை அந்தக் கரை மறக்காது. முற்பணம் கொடுக்கும் முதலாளிமாரும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.