பழைய சித்திரக்கதை: நிறைக்கா, விலைக்கா?

பதுளையில் எங்கள் கடையின் பின்பக்கம் பழைய பேப்பர் நிறுக்கும் தராசு ஒன்று வாப்பாவின் காலத்திலிருந்தே தொங்குகிறது. பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் கடதாசி அதில் ஏறி, பருப்புச் சுருளாகவும் சீனிச் சுருளாகவும் திரும்பிப் போகும். அண்மையில் ஓர் இளைஞர் பெரிய கட்டொன்றைக் கொண்டுவந்து வைத்தார். காலமான தகப்பனார் சேர்த்தவையாம்.

"கிலோவுக்கு எவ்வளவு போடுவீங்க முதலாளி?"

கட்டின் மேலே பழைய முத்து காமிக்ஸ் கிடந்தது. நிறைக்கே வாங்கியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது.

இந்தச் சரக்கில் நானும் ஒருமுறை ஏமாந்தவன். முத்து காமிக்ஸ் சிவகாசியில் 1972இல் தொடங்கியது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. அந்த முதற்பதிப்பு என்று நம்பி நல்ல பணம் கொடுத்து ஒன்று வாங்கினேன். கைக்கு வந்தது மறுபதிப்பு. அட்டையைப் பார்த்த அவசரத்தில் பதிப்பு விபரத்தைப் பார்க்கவில்லை.

பழசு என்றால் விலை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சூப்பர்மேன் முதலில் தோன்றிய அமெரிக்க இதழ் 1938இல் 10 சதத்துக்கு விற்றது. அதன் நல்ல பிரதியொன்று 2014இல் 32 இலட்சம் டொலருக்குப் போனது. காரணம், அன்று அதனைப் பத்திரப்படுத்த வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. யுத்தகாலப் பழைய கடதாசிச் சேகரிப்பிலும் ஏராளம் அழிந்தது. அதே நாட்டில் 1991இல் 'எக்ஸ்-மென்' புதிய முதலாம் இதழ் ஐந்து வகை அட்டைகளோடு, பெரும் ஆரவாரத்தோடு வந்தது. 80 இலட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சாயின. நாளை விலையேறும் என்று பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தார்கள். இன்றும் அது தாராளமாகக் கிடைக்கிறது, சொற்ப விலைக்கு.

நம் பக்கத்து அருமைக்கு வேறு கதை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. இந்தியச் சஞ்சிகைகளும் அதற்குத் தப்பவில்லை. வந்த கொஞ்சமும் லயம் லயமாகக் கைமாறிக் கிழிந்தது. மிச்சத்தை மலைநாட்டு ஈரமும் பூச்சியும் தின்றன. எங்கள் தராசும் அதில் குற்றவாளிதான்.

ஆனால் அருமை மட்டும் போதாது. அரிதான, ஆனால் யாரும் தேடாத புத்தகங்கள் என்னிடமே ஓர் அலுமாரி நிறைய இருக்கின்றன. மாயாவியை இன்றும் தேடுகிறார்களென்றால் அதற்குச் சித்திரமும் ஒரு காரணம். 1962இல் பிரித்தானிய வார இதழான 'வேலியண்ட்'டில் அதனை வரைந்தவர் ஸ்பானியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. உடல் முழுதும் மறைந்து இரும்புக்கை மாத்திரம் தெரியும் கட்டத்தை, மட்டமான தாளில் மங்கி அச்சான பிரதியில் பார்த்தாலும் கண் நின்றுவிடும். மறுபதிப்பிலும் அந்தச் சித்திரம் அதே சித்திரம்தானே! வாசிக்க வாங்குபவருக்கு அதுவே போதும். முதலீடாக வாங்குபவர்தான் தாளின் வயதுக்குக் காசு கொடுக்கிறார்.

இப்போது பேஸ்புக்கிலும் ஏலம் நடக்கிறது. வாங்கும் எண்ணமே இல்லாத நண்பர்களை விட்டு விலையை ஏற்றுகிறார்கள். இதற்கு மார்க்கத்தில் நஜ்ஷ் என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் தடுத்த வியாபாரம். பக்கம் குறைந்திருப்பதை மறைத்து விற்பதும் ஆகாது.

இளைஞரை உட்காரவைத்து, கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பதினொன்று தேறின. "தம்பி, இவற்றை நிறைக்குக் கொடுக்காதீங்க" என்று, எனக்குத் தெரிந்த விலையைச் சொன்னேன். நாலை எனக்கே தந்தார். கம்பி துருப்பிடித்ததையும், ஒன்றில் பின்னட்டை இல்லாததையும் பில்லில் எழுதிக்கொண்டேன். நாளை நான் விற்கும்போதும் அது தேவைப்படும். தகப்பனார் பெயரெழுதிய ஏழையும் அவர் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

மீதி ஆறரைக் கிலோ தராசில் ஏறியது.