தாய்க்கு வயது 16. தூளி கட்ட இடம் எங்கே?

200 ஆண்டுக்கு முன்பே தஞ்சைச் சீமையில் இருந்த பிரசவ சத்திரம்

கூத்தாநல்லூர்,

திருவாரூரில் இருந்து மன்னார்குடி போகும் சாலையில் இருக்கிறது கூத்தாநல்லூர். "சின்ன சிங்கப்பூர்" என்று சுற்று வட்டாரத்தில் பேர். மலேயா, சிங்கப்பூர் என்று கடல் கடந்து போய் வியாபாரம் செய்தவர்களின் ஊர்.

இந்த ஊர் பஸ் நிலையத்தில் ஒரு ராத்திரி, வயிற்றில் ஏழு மாதச் சுமையோடு ஒரு பெண் வந்து நிற்கிறாள் என்று வையுங்கள். வயது 16. கட்டிக்கொள்வதாகச் சொன்னவன் கைவிரித்து விட்டான். "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று அப்பா சொல்லிவிட்டார். கையில் இருப்பது பஸ் டிக்கெட்டுக்கு மட்டும் காசு.

அவள் எங்கே போவாள்?

இது கூத்தாநல்லூருக்கு மட்டும் உள்ள கேள்வி அல்ல. நாகைக்கும், பட்டுக்கோட்டைக்கும், கும்பகோணத்துக்கும் இதே கேள்விதான். ஆனால் தஞ்சைச் சீமை ஒரு காலத்தில் இதற்குப் பதில் வைத்திருந்தது. சோறு போட்டு, மருந்து கொடுத்து, படுக்க இடமும் கொடுத்த பதில்!

ராஜா எழுதிய கடிதம்

1801-ம் ஆண்டு. தஞ்சையில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. நாட்டின் நிர்வாகம் 1799-லேயே ஆங்கிலேயக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. சத்திரங்களின் தர்மமும் நின்றுவிடுமோ என்ற கவலை ராஜாவுக்கு. கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த டோரின் துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். தஞ்சையில் இருந்து ராமேசுவரம் போகும் வழி நெடுக இருந்த சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொன்னார்.

எல்லாச் சாதியாருக்கும் சோறு. நடு ராத்திரியில் மணி அடித்து, "சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள்" என்று கூப்பிட்டுப் போடுவார்கள். நோயாளிக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் உண்டு. பெற்றோர் இல்லாத பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் விட்டு, மூன்று வேளை சாப்பாடு, துணிமணி, எண்ணெய்க் குளியல், படிப்பு எல்லாம் கொடுப்பார்கள். பிறகு கல்யாணச் செலவும் சத்திரத்துடையதுதான்.

அதே கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கர்ப்பிணிப் பெண் சத்திரத்துக்கு வந்தால் அன்பாகப் பார்த்துக் கொள்வார்கள். பிரசவச் செலவு சத்திரத்தின் கணக்கு. மருந்தும் உண்டு. பிள்ளை பிறந்த பிறகு 3 மாதம் அங்கேயே தங்கலாம்!

சத்திரம் வழிப்போக்கருக்காக ஏற்பட்டதுதான். ஆனாலும் 3 மாதம் என்று கணக்கு வைத்தார்களே, அதுதான் கவனிக்க வேண்டியது. பச்சை உடம்பு தேற, குழந்தைக்குத் தலை நிற்க அத்தனை நாள் ஆகும் என்பது பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

ராமேசுவரம் வழியில் உள்ள ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் சரபோஜி காலத்தது. கூத்தாநல்லூருக்குப் பக்கத்து ஊரான நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் அதற்கும் முந்தியது. அந்த ஊருக்கே யமுனாம்பாள்புரம் என்று ஒரு பெயர் இருந்தது.

கதவைத் தட்டிய பெண்கள்

அடுத்த பதில் புதுக்கோட்டையில் பிறந்த ஒரு பெண்ணிடம் இருந்து வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றவர். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடியவர். அவருடைய தாயாரே தேவதாசிக் குலத்தில் பிறந்தவர்.

1930-களின் தொடக்கத்தில் ஒரு நாள், பொட்டுக்கட்டும் வழக்கத்தில் இருந்து தப்பி வந்த சில இளம்பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகளில் சேர்க்க முயன்றார். "அந்த மாதிரிப் பெண்களுக்கு இங்கே இடமில்லை" என்பதே பதில். டாக்டர் அம்மா யோசித்துக் கொண்டிருக்கவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக் கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். சென்னை அடையாறில் அது இன்றும் இருக்கிறது.

பேருக்கு ஏற்ற உதவி, வயதுக்கு இல்லை

அந்த அம்மையார் பெயரில்தான் தமிழக அரசின் மகப்பேறு நிதி உதவித் திட்டம் நடக்கிறது. ஏழைக் கர்ப்பிணிக்குப் பணமும் சத்துணவுப் பெட்டகமுமாக 18 ஆயிரம் ரூபாய். ஆனால் தாய்க்கு வயது 19 நிரம்பி இருக்க வேண்டும்.

இளவயதுக் கல்யாணத்துக்குத் தூண்டுதல் ஆகிவிடக் கூடாது என்று பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் 16 வயதில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பவளுக்கு? சத்துச் சாப்பாடு எல்லோரையும் விட அவளுக்குத்தானே அதிகம் வேண்டும்? அந்த வயதில் ரத்தசோகை, பிரசவத்தில் வலிப்பு, எடை குறைந்த குழந்தை என்று ஆபத்துகள் அதிகம் என்பது டாக்டர்கள் அறிந்த விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

18 வயதுக்கு உட்பட்ட பெண் கர்ப்பமாகி இருந்தால், அவள் சம்மதித்தாளா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி அது குற்றம். ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் போலீசுக்குத் தகவல் போக வேண்டும்.

இந்தப் பயத்தில்தான் பல குடும்பங்கள் ஆஸ்பத்திரி பக்கமே போவதில்லை. "ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்" என்று நாட்டு மருந்தையும் போலி டாக்டரையும் தேடுகிறார்கள். உயிரே போய்விடும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கருவைக் கலைக்க வரும் சிறுமி விஷயத்தில் 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழி சொன்னது. சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக் கொண்டால், போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் அவளுடைய பெயர், விலாசத்தை டாக்டர் வெளியிட வேண்டியதில்லை. இது இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட சிறுமிக்கு மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் நலக் குழுதான் பொறுப்பு. அவளுக்கும் பொறுப்பு, அவள் பெற்ற குழந்தைக்கும் பொறுப்பு. சாப்பாடு, துணிமணிச் செலவுக்கு உடனடி உதவி தரும்படி அந்தக் குழு சிபாரிசு செய்தால், ஒரு வாரத்துக்குள் பணம் கைக்கு வர வேண்டும் என்று 2020-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

2023 ஜூலையில் மத்திய அரசு தனியாக ஒரு திட்டம் கொண்டு வந்தது. பலாத்காரத்தால் கர்ப்பமாகி, குடும்பம் கைவிட்ட சிறுமிகளுக்கு இருப்பிடம், சாப்பாடு, வக்கீல் உதவி. நிர்பயா நிதியில் இருந்து 74 கோடியே 10 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். முதல் தகவல் அறிக்கை நகல் கையில் இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது. காப்பகத்தில் மற்றப் பிள்ளைகளோடு கலக்காமல் தனி இடம் தர வேண்டும். 23 வயது வரை ஆதரவு தொடரலாம்.

காகிதத்தில் எல்லாம் சரி. வீடு எங்கே?

எப்படி இருக்க வேண்டும் வீடு?

மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஆபத்துக்கு ஒதுங்கலாம். தங்குவதற்கு 5 நாள் கணக்கு. தஞ்சையில் அரசு சேவை இல்லம் இருக்கிறது. கைவிடப்பட்ட பெண்கள் தங்கிப் படிக்கவும் தொழில் பழகவும் ஏற்பட்டது அது. ஆனால் 16 வயதுத் தாய்க்கும் 16 நாள் குழந்தைக்கும் வேண்டியது வேறு மாதிரி வீடு.

குழந்தையைக் குளிப்பாட்டத் தெரிந்த ஒரு கிழவி வேண்டும். தாய்க்குப் பத்தியம் பார்த்துச் சமைக்க ஆள் வேண்டும். ராத்திரி 2 மணிக்குக் குழந்தை வீறிட்டால், "பயப்படாதே, வயித்து வலியா இருக்கும், தோள்ல போடு" என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். தடுப்பூசி நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

அவள் தாய் மட்டும் அல்ல, பள்ளிக்கூடத்துப் பெண். தூளியில் குழந்தை தூங்கும்போது புத்தகத்தைத் திறக்க வேண்டும். அவள் பரீட்சை எழுதப் போனால் குழந்தையைப் பார்த்துக் கொள்ள ஆள் வேண்டும். கோர்ட்டுக்குப் போகிற நாளில் கூடவே ஒரு பெண் துணை போக வேண்டும்.

வருகிறவர்கள் எல்லாம் "யாருடி காரணம்?" என்று கேட்கிற வீடாக அது இருக்கக் கூடாது. போலீசும் கோர்ட்டும் கேட்கட்டும். சோறு போடுகிறவர்கள் கேட்க வேண்டாம்.

60 நாள் அவகாசம்

குழந்தையை வளர்ப்பதா, தத்துக் கொடுப்பதா? அந்தப் பெண்ணின் முன் நிற்கும் பெரிய கேள்வி இதுதான். "கொடுத்துட்டுத் தலை முழுகு" என்பார்கள் சிலர். "பெத்தவ நீதானே, வளர்த்துத்தான் ஆகணும்" என்பார்கள் வேறு சிலர்.

சட்டம் அவசரப்படுத்தவில்லை. குழந்தைகள் நலக் குழு முன் எழுதிக் கொடுத்து ஒப்படைத்த பிறகும், மனசு மாறினால் குழந்தையைத் திரும்பக் கேட்க 2 மாதம் அவகாசம் உண்டு. அந்த 2 மாதம் யோசிக்க ஒரு கூரை வேண்டாமா? நடுத்தெருவில் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு முடிவல்ல, பறிகொடுப்பது!

1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. வேண்டாம் என்று விடப்பட்ட எத்தனையோ பெண் குழந்தைகளுக்கு அந்தத் தொட்டில் உயிர் கொடுத்தது. ஆனால் தொட்டில் குழந்தையை மட்டும்தான் வாங்கிக் கொள்ளும். இருட்டில் திரும்பி நடக்கிற தாயைக் கூப்பிட்டு உட்கார வைக்காது.

அந்தத் தாயையும் சேர்த்து வாங்கிக் கொள்ளும் வீடுதான் இப்போது டெல்டாவுக்குத் தேவை.

யாரைக் கூப்பிடலாம்?

18 வயது ஆகாத பெண் என்றால் 1098. அதற்கு மேல் என்றால் 181. இரண்டுக்கும் காசு வேண்டாம். இரவும் பகலும் கூப்பிடலாம். பஸ் நிலையத்தில் டீக்கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், ஆஸ்பத்திரி ஆயா என்று யார் வேண்டுமானாலும் அவளுக்காகப் பேசலாம். பேசியவர் அவள் பேரை மட்டும் ஊரில் சொல்லாமல் இருந்தால் போதும்.

சத்திரத்தில் அன்று நடு ராத்திரியில் மணி அடித்தார்கள். சாப்பிடாதவர் யாரும் இருட்டில் விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக. இன்று அந்த மணி யார் கையிலும் இருக்கலாம். பஸ் நிலையத்தில் நிற்கிற பெண்ணுக்கு அது கேட்க வேண்டும்.