பிரிஸ்டலில் விருது, தூத்தூரில் தடை

2000-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்த வைல்டுஸ்கிரீன் விழாவில் மைக் பாண்டேயின் 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' படத்துக்குப் பாண்டா விருது கிடைத்தது. குஜராத் கரையில் திமிங்கலச் சுறாக்கள் கொன்று குவிக்கப்படுவதைக் காட்டிய படம் அது. பேருந்து நீளம் வளர்ந்தாலும் மிதவை நுண்ணுயிர்களைத் தின்று வாழும் சாது மீன். 2001 மே மாதம் இந்திய அரசு அதை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து வைத்தது. இந்தக் காப்பைப் பெற்ற முதல் மீன் இதுதான்.

காட்டுயிர்ப் பட விழாக்கள் புதியவை அல்ல. அமெரிக்காவின் மிசௌலாவில் 1977-இல் கரடி ஆய்வாளர் சார்லஸ் ஜாங்கெல் ஒன்றைத் தொடங்கினார். பி.பி.சி.யின் இயற்கை வரலாற்றுப் பிரிவு இருக்கும் பிரிஸ்டலில் 1982-இல் வைல்டுஸ்கிரீன் வந்தது. டெல்லியில் 2002-இல் வாதாவரண். விருது மேடை பாதி என்றால் மீதி சந்தைதான். அடுத்த படத்துக்குப் பணம் போடும் தொலைக்காட்சிக்காரர்கள் அங்கேதான் அகப்படுவார்கள். அந்த அரங்குகளில் மீனவர்களைப் பார்ப்பது அரிது.

2001 ஜூலையில் தடை எல்லாச் சுறா, திருக்கை இனங்களுக்கும் நீண்டது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், நீரோடி தொடங்கி இரையுமன்துறை வரையுள்ள தூத்தூர் வட்டார ஊர்கள் ஆழ்கடல் சுறாத் தூண்டிலுக்குப் பேர்போனவை. கொச்சியைத் தங்குதுறையாகக் கொண்டு குஜராத் கடல்வரை போய்வருகிறவர்கள் அவர்கள். திமிங்கலச் சுறா அவர்கள் தேடிப்போகும் மீனே இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா ஆக்கிக் கொடுக்கிற நாட்டில், சுறா பிடிப்பதே குற்றம் என்றால் யார் ஒப்புவார்கள்? மீனவர் எதிர்ப்பு வலுத்ததும், டிசம்பரில் தடை ஒருசில இனங்களோடு சுருங்கியது.

ஜூலைத் தடையை அந்தப் படத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் எந்தச் சுறாவுக்குக் காப்பு, ஏன் என்பதைக் கரையில் திரை கட்டிக் காட்டியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

குஜராத்தில் அடுத்த சுற்று வேறு மாதிரி நடந்தது. 2004-இல் தொடங்கிய பரப்புரைக்குப் பிறகு, வலையில் சிக்கிய திமிங்கலச் சுறாவை மீனவர்களே வலையை அறுத்து விடத் தொடங்கினார்கள். அறுபட்ட வலைக்கு இழப்பீடு உண்டு. பிறகு அவர்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்துவிட்டார்கள். மீனை விடுவிப்பதைத் தாங்களே படமெடுத்து வந்தால் அதுவே சான்று.