கடற்பாசியிற் செய்த மீன்குளம்

எம் தங்கை தன் ஆறாவது பிறந்தநாளுக்கு மீன்குளமொன்று வேண்டுமெனப் பிடிவாதஞ் செய்தாள். விருந்திற்கு வரவிருந்த சிறார்களுள் இருவர் புலால் உண்ணார். எலும்பும் தோலுங் காய்ச்சியெடுக்கும் ஜெலாட்டினை அவர்க்கிடுதல் தகாது. அவர்க்கெனத் தனிக் கிண்ணம் வைப்பதோ விருந்தன்று. அன்றியும், சித்திரை வெயிலில் அஃது இளகி நீராய்விடும்.

ஆதலின் கடற்பாசியை நாடினோம். கடைகளில் இதனைச் சைனா கிராஸ் என்பர். மன்னார் வளைகுடாவிற் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் இவ்வினத்தனவே. இஃது 40 பாகை சென்டிகிரேடுக்குச் சற்றுக் கீழே உறையும். உறைந்தபின் ஏறக்குறைய 85 பாகை வரை இளகாது.

10 கிராம் பாசியை அரைமணி நேரம் ஊறவைத்து, முக்கால் லிட்டர் நீரில் இழை சிறிதுந் தோன்றாதவாறு காய்ச்சிச் சர்க்கரை சேர்க்க. எலுமிச்சைச் சாறு வேண்டுவோர் அடுப்பினின்றும் இறக்கியபின் இடுக. புளிப்போடு கொதித்த பாசி வலுவிழக்கும். ஒரு பங்கைக் காய்ச்சிய பாலும் காரட் சாறுங் கலந்து தட்டிற் பரப்பி, உறைந்ததும் தகர அச்சினால் மீன்களாக வெட்டுக. பால் சூடாயிருத்தல் வேண்டும். குளிர்ந்த பால் பட்டால் பாசி கட்டிகட்டியாகும். எஞ்சியது இதற்குள் உறைந்துவிடின் அஞ்சற்க, மீண்டுங் காய்ச்சலாம்.

முதன்முறை யாம் மீன்களின்மேல் நீர் முழுவதையும் ஒருங்கே ஊற்றினோம். அவை செத்தனபோல் மிதந்தன, தங்கை அழுதாள். மறுமுறை கண்ணாடிக் கிண்ணத்தில் விரற்கடையளவு ஊற்றி, அது முற்றும் ஆறுமுன் மீன்களைப் பதித்து, சிறிது ஊற்றி உறையவிட்டு, பின்னரே கிண்ணத்தை நிரப்பினோம். மீன்கள் நடுநீரில் நின்றன.

புலாலுண்ணா இருவருள் ஒருவன், மீன்தலை தனக்கே வேண்டுமெனக் கேட்டு வாங்கினான்.