தேடும் கருவியும் தேரும் அறிவும்

பிள்ளைகளுக்கு ஓர் ஐயம் எழுந்தால், ஆசிரியரையோ அகராதியையோ நாடும் முன் அவர்கள் கைப்பேசியை நாடும் காலம் இது. "செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன?" என்று இணையத் தேடுபொறியில் எழுதிய மறுகணமே எண்ணற்ற பக்கங்கள் வந்து குவிகின்றன. பல வேளைகளில் அவற்றுக்கு மேலே சுருக்கமான விடையொன்றும் அழகாக எழுதப்பட்டு நிற்கிறது. அதைப் படித்த பிள்ளை, "தெரிந்துகொண்டேன்" என்று எழுந்துவிடுகிறது. உண்மையிலேயே தெரிந்துகொண்டதா? பெற்றோராகிய நாம் சிந்திக்கவேண்டிய கேள்வி இது.

ஒரு குருவானவரின் தேடல்

நூல்களிலுள்ள சொற்களைத் தேடித் தொகுக்கும் பணியில் இயந்திரத்தை முதன்முதலில் ஈடுபடுத்தியவர்களுள் ஒருவர் கத்தோலிக்கக் குருவானவர் என்பதை நம்மில் பலர் அறியோம். இத்தாலி நாட்டைச் சேர்ந்த சேசு சபைக் குரு ரொபெர்த்தோ பூசா (1913-2011) அவர்களே அவர். புனித தாமஸ் அக்குவினாஸின் நூல்களில் 'பிரசன்னம்' என்னும் கருத்தை அவர் ஆராயத் தொடங்கினார். அதற்கு நேரான இலத்தீன் சொற்களையே முதலில் தேடினார். சொற்கள் கிடைத்தன, தேடிய கருத்தின் ஆழமோ அவற்றில் கிடைக்கவில்லை. நம் மொழியில் 'இல்' என்னும் உருபுக்கு நிகரான 'இன்' என்ற சிறு சொல்லோடுதான் புனிதரின் சிந்தனை பிணைந்திருப்பதைப் பின்னர் உணர்ந்தார். அச்சொல்லும் அதனோடு தொடர்புடைய சொற்களும் வரும் வாக்கியங்களைப் பத்தாயிரம் அட்டைகளில் தம் கைப்படவே எழுதினார்.

புனிதரின் எல்லா நூல்களுக்கும் இவ்வாறு சொல்லடைவு தயாரிக்க ஒருவர் ஆயுள் போதாது என்று கண்ட அடிகளார், 1949-ஆம் ஆண்டு நியூயார்க் சென்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்து உதவி கேட்டார். உதவி கிடைத்தது. கலராத்தே என்னும் இத்தாலிய நகரில் பயிற்சி பெற்ற இளம்பெண்கள், சொற்களைத் துளை அட்டைகளில் பதித்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்த அப்பணி, 56 பெருந்தொகுதிகளாக 1980-இல் நிறைவெய்தியது.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. கேட்ட சொல் எங்கெங்கு வருகிறது என்பதை இயந்திரம் காட்டும். எந்தச் சொல்லைக் கேட்கவேண்டும் என்று கண்டதோ, பொறுமையோடு படித்த ஒரு மனித உள்ளம்.

சுருக்க விடை பிறக்கும் விதம்

தேடுபொறி இணையப் பக்கங்களை முன்கூட்டியே படித்து அட்டவணையிட்டு வைக்கிறது. பிற பக்கங்கள் பல சுட்டிக்காட்டும் பக்கம் முன்வரிசைக்கு வருவது எளிது. பணம் கொடுத்து இடம்பெறும் விளம்பரங்களும் உண்டு. ஆகவே முதலில் நிற்பதெல்லாம் உண்மையில் முதன்மையானது அன்று.

மேலே நிற்கும் சுருக்க விடையை எழுதுவது செயற்கை நுண்ணறிவே. கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று பழகிய கருவி அது. கிடைத்த பக்கங்களைக் கொண்டு விடையைக் கோத்துத் தருகிறது. ஆனால் மெய்யையும் கேலியையும் மனிதன் உணர்வதுபோல் அது உணர்வதில்லை. 2024 மே மாதத்தில் கூகுள் தேடுபொறியின் சுருக்க விடை, பீட்சாவின்மேல் பாலாடைக்கட்டி ஒட்டிக்கொள்ளப் பசை சேர்க்கலாம் என்று கூறியது. என்றோ ஒருவர் வேடிக்கையாக எழுதியதை அது மெய்யென்று எடுத்துக்கொண்டுவிட்டது! 2023 மார்ச்சில், திருத்தந்தை பிரான்சிஸ் பருத்த வெண்ணிறக் குளிரங்கி அணிந்திருப்பதாக உலகெங்கும் பரவிய படமும் இத்தகைய கருவியின் படைப்பே. அதை உண்மையென்று நம்பியோர் பலர்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

அப்படியானால் தேடுவதையே விட்டுவிடலாமா? வேண்டியதில்லை. தேடும் முறையைக் கற்போம்.

முதலாவது, கேள்வியைக் கூர்மையாக்குவோம். 'செயற்கை நுண்ணறிவு' என்பது 1955-இல் அமெரிக்க அறிஞர் ஜான் மெக்கார்த்தியும் அவர் தோழர்களும் ஓர் ஆய்வுத் திட்டத்திற்கு இட்ட பெயர். இன்று அது எத்தனையோ கருவிகளுக்குப் பொதுப்பெயராகிவிட்டது. "இக்கருவி எதைக்கொண்டு பழக்கப்பட்டது? எங்கே தவறுகிறது? யாருக்கு ஆதாயம்?" என்று கேட்டால் விடையும் தெளிவாகும்.

இரண்டாவது, எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று பார்ப்போம். ஈராண்டுகளுக்கு முந்தைய செய்தியும் இத்துறையில் பழையதாகிவிடலாம்.

மூன்றாவது, மூலத்தையே நாடுவோம். இப்பொருள் குறித்துத் திருச்சபை கூறுவதை அறிய விரும்புவோர், பிறர் எழுதிய சுருக்கத்தோடு நின்றுவிட வேண்டா. 'பழையதும் புதியதும்' என்று பொருள்படும் இலத்தீன் தலைப்போடு 2025 ஜனவரி 28 அன்று வெளியான ஏட்டை வத்திக்கான் இணையதளத்திலேயே படிக்கலாம். அந்நாள், பூசா அடிகளார் வாழ்நாளெல்லாம் பயின்ற புனித தாமஸ் அக்குவினாஸின் திருநாள்! செயற்கை நுண்ணறிவு மனித அறிவின் விளைபொருளேயன்றி மனித அறிவின் மற்றொரு வடிவம் அன்று என்பது அவ்வேட்டின் தெளிவான போதனை. 2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோவும், தொழிலாளர் உரிமைக்காக 1891-இல் சுற்றுமடல் வரைந்த பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்தே இப்பெயரை ஏற்றார். செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் உழைப்புக்கும் விடுக்கும் அறைகூவலை அவர் அப்போது சுட்டிக்காட்டினார்.

நான்காவது, பிள்ளையைத் தனியே தேடவிடாமல் உடனமர்ந்து தேடுவோம். நமக்கு அக்கருவி புரியாவிட்டாலும் குறையில்லை. "இதைச் சொன்னது யார்? வேறிடத்தில் பார்த்தாயா?" என்று கேட்பதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை.

சந்தோஷ தேவ இரகசியங்களில் ஐந்தாவதை நாம் செபமாலையில் தியானிக்கிறோம். மரியன்னையும் சூசையப்பரும் சிறுவன் இயேசுவை முதலில் உடன்பயணிகளிடையே தேடினர், காணவில்லை. வந்த வழியே திரும்பிச் சென்று, மூன்றாம் நாள் ஆலயத்தில் கண்டனர். அங்கே அவர் போதகர் நடுவில் அமர்ந்து, செவிமடுத்துக்கொண்டும் வினவிக்கொண்டும் இருந்தார். எளிதாய்க் கைக்கெட்டும் இடத்தோடு நில்லாது, இருக்கவேண்டிய இடம்வரை சென்று தேடிய அப்பெற்றோரும், கேட்டும் வினவியும் நின்ற அத்திருமகனும் நம் இல்லங்களுக்கு வழிகாட்டுவார்களாக!