குதிரைப் பக்கமா, கழுத்துப் பக்கமா?

பத்து காஜாவில் இருக்கும் என் சித்தி மகன் ஒரு கல்யாண இசைக்குழுவில் மின்கித்தார் வாசிக்கிறான். பகுதிநேர வேலையில் சேர்த்த 350 வெள்ளி கையில் இருக்கிறது. அவன் கித்தாரில் இரண்டு ஹம்பக்கர் பிக்கப்புகள். பணமோ ஒன்றை மாற்றத்தான் போதும். மண்டபத்தில் கித்தார் ஒலி கேட்கவே இல்லை, இப்படியே போனால் இரண்டாவது கீபோர்டு வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டாராம். "எதை மாத்தணும் அண்ணா?" என்று கேட்டான். நம் மாணவர்களிலும் கித்தார் பழகுவோர் பலர் இருப்பதால் அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

பிக்கப் என்பது காந்தமும் அதனோடு சேர்ந்த மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும்தான். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதே சுருள் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் குழல்விளக்கின் ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர் 1955-இல் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959-இல் அது கிடைத்தது. இரண்டு சுருள்கள், எதிரெதிர்த் திசையில் இணைப்பு, காந்த முனைகளும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலி மட்டும் கூடும். அதுவே ஹம்பக்கர்.

இனி இடத்துக்கு வருவோம். கம்பிகள் ஏறி நிற்கும் பிரிட்ஜை வீணையில் நாம் குதிரை என்போம். வீணை பழகியவர்களுக்கு இது புதிதல்ல: குதிரையை ஒட்டி மீட்டினால் ஒலி கூர்மையாக இருக்கும், தள்ளி மீட்டினால் இனிமையாகக் குழையும். பிக்கப் கேட்கும் இடத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். கம்பி குதிரையில் கட்டுண்டிருப்பதால் அங்கே அதன் அசைவு குறைவு. 628 மி.மீ. நீளமுள்ள திறந்த கம்பியில், குதிரையிலிருந்து 40 மி.மீ. தொலைவில் அடிச்சுரத்தின் அசைவு அதன் உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். கழுத்துப் பிக்கப் இருக்கும் 157 மி.மீ. தொலைவிலோ பத்தில் ஏழு பங்கு. ஆனால் அந்த 157 மி.மீ. கம்பியின் சரியான கால் பங்கு. நான்காவது மேற்சுரம் அங்கே அசையாமல் நிற்கும். குதிரைப் பக்கத்தில் அதே மேற்சுரம் நன்றாகவே கேட்கும். ஆகவே கழுத்துப் பக்கம் உருண்டையான, கனத்த ஒலி. குதிரைப் பக்கம் மெலிந்த, வெட்டும் ஒலி.

இந்த மெலிவை ஈடுகட்டத்தான் குதிரைப் பிக்கப்பில் அதிகச் சுற்றுகள் சுற்றுகிறார்கள். கழுத்துப் பிக்கப்பின் மின்தடை பெரும்பாலும் 7, 8 கிலோ ஓம். குதிரைப் பிக்கப்பில் 16 வரைகூடப் போகும். சுற்று கூடினால் ஒலி வலுக்கும், நடுத்தர ஒலி முன்னே வரும், கீச்சென்ற உச்ச ஒலி மழுங்கும். மலிவான கித்தார்கள் பலவற்றில் இரண்டு பக்கமும் ஒரே சுற்றுதான். முன்பக்கம் குழம்புவதும் பின்பக்கம் கீச்சிடுவதும் அதனால்தான்.

அவன் குழுவில் பேஸ் கித்தாரும் கீபோர்டும் தபேலாவும் கீழ் ஒலிகளை ஏற்கெனவே நிரப்பிவிடுகின்றன. அதற்குள் கழுத்துப் பிக்கப்பின் ஒலியும் விழுந்தால் யாருக்குக் கேட்கும்? குதிரைப் பிக்கப்பை மாற்று என்றேன். தனியாக ராகம் வாசிப்பவனாக இருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன். மின்கித்தாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னாவைக் கேளுங்கள், கமகத்துக்குக் கனிந்த அடிச்சுரம் வேண்டும் என்பது புரியும்.

ஆனால் கடைக்குப் போகுமுன் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. கடைசிக் கட்டத்தில் கம்பியை அழுத்திப் பிடித்து, பிக்கப்பின் இடைவெளியை அளந்து பாருங்கள். குதிரைப் பக்கம் சுமார் 1.6 மி.மீ., கழுத்துப் பக்கம் 2.4 மி.மீ. இருக்கலாம். திருகாணியைத் திருப்பினால் போதும். கழுத்துப் பிக்கப்பை அளவுக்கு மீறி உயர்த்தினால் காந்தம் கம்பியை இழுத்துச் சுருதியைக் கலைக்கும். பாதிப் பேருக்குப் பணம் இந்த இடத்திலேயே மிச்சமாகும் என்பது என் எண்ணம். தம்பிக்கு மிச்சமாகவில்லை.

பற்றவைப்பது கடினமல்ல. வழக்கமான பற்றாசில் 60 விழுக்காடு வெள்ளீயம், மீதி காரீயம். கிந்தா பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு ஈயத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1938 முதல் 1982 வரை உழைத்த தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பல் பத்து காஜாவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. பற்றவைக்கும்போது எழும் புகையை மூச்சில் இழுக்காமல் சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். கம்பிகள் குதிரையை நோக்கி விரிந்து செல்வதால் பிக்கப்புகள் சுமார் 50, 53 மி.மீ. என இரு அகலங்களில் வருகின்றன. உங்கள் கித்தாரை அளந்துகொண்டு போங்கள். அடுத்தது, நான்கு கம்பிகள் வெளியே வருவதாகப் பார்த்து வாங்குங்கள். வேறு நிறுவனத்துப் பிக்கப்போடு சேரும்போது, சுவிட்சை நடுவில் வைத்தால் சில சமயம் ஒலி சூம்பிப்போகும். இரண்டும் எதிர்த்திசையில் இயங்குகின்றன என்று பொருள். நான்கு கம்பி இருந்தால் இரண்டை இடம் மாற்றினால் தீர்ந்தது. ஒற்றைக் கம்பியும் சுற்றிலும் பின்னலும் மட்டும் என்றால், பிக்கப்பைப் பிரித்துக் காந்தத்தைப் புரட்டிப் போட வேண்டியிருக்கும்; அதை ஈப்போவில் பழுது பார்ப்பவரிடமே கொடுத்துவிடுங்கள்.